ஒரு கையெழுத்து என்ன விலை?

புத்தகம் எதற்காக? படிப்பதற்காக. இதில் உங்களுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. ஆனால் அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், "இந்த நாவல் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "மேலுறை ஓரத்தில் கொஞ்சம் கிழிசல். முதுகுப் பக்கம் வெயிலில் வெளுத்திருக்கிறது. மற்றபடி நல்ல நிலைமை" என்று பதில் வரும். நீங்கள் கேட்டது கதையைப் பற்றி என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது!

நவீன அமெரிக்க நாவல்களின் முதற் பதிப்புகளைச் சேகரிப்பதுதான் இவர்களுடைய பொழுதுபோக்கு. நாவலாசிரியரே தம் கைப்படக் கையெழுத்திட்ட பிரதி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தபால் தலை சேர்ப்பவர்களையும், செல்லாத காசு சேர்ப்பவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். இவர்கள் அந்த ஜாதிதான். பணம் மட்டும் அதிகம்.

பித்து என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் சற்றே உள்ளே நுழைந்து பார்த்தால், அங்கே ஒரு வருத்தமான சமாசாரம் ஒளிந்திருக்கிறது. வாசகர் கேட்டார் என்பதற்காக ஓர் எழுத்தாளர் பிரியமாகப் போட்டுக் கொடுத்த கையெழுத்து, எப்படியோ சந்தைச் சரக்காகிவிட்டது. அதைக் கண்டு மனம் கசந்து சிலர் பேனாவையே மூடிவிட்டார்கள்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய 'தி கிரேட் காட்ஸ்பி' என்ற நாவல் 1925-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி நியூயார்க்கில் வெளிவந்தது. பிரசுரித்தவர்கள் ஸ்க்ரிப்னர் கம்பெனியார். விலை இரண்டு டாலர். முதல் தடவை அச்சடித்தது 20,870 பிரதிகள். அவற்றில் ஒன்று இன்று மேலுறை இல்லாமல் வந்தால் சில ஆயிரம் டாலருக்குப் போகும். அதே பிரதி மேலுறையுடன், கிழியாமல் கசங்காமல் வந்தால் லட்சம் டாலரையும் தாண்டிவிடும். உள்ளே இருக்கும் கதை இரண்டிலும் ஒன்றுதான். அப்படியானால் அந்த ஒற்றைக் காகிதத்துக்கு மட்டும் என்ன விலை ஆயிற்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலுறை என்பது என்ன? பள்ளிக்கூடம் திறந்ததும் குழந்தைகளின் புத்தகங்களுக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். கெட்டி அட்டைப் புத்தகம் கடைக்குப் போய்ச் சேரும் வரையில் அழுக்குப் படாமல் இருக்க ஒரு காகிதம் சுற்றுவார்கள். அதில் ஒரு படமும் போட்டுவிட்டால் கடை வாசலில் பார்வைக்கு அழகாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போடுவது அந்தக் காலத்து வழக்கம். ஒழுங்காகக் குடித்தனம் செய்த அமெரிக்க இல்லத்தரசிகள் பலர் அதைத்தான் செய்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

காட்ஸ்பியின் மேலுறைப் படத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. கரு நீல வானத்தில் ஒரு பெண்ணின் இரண்டு கண்களும் சிவந்த உதடுகளும் மட்டும் மிதக்கின்றன. கீழே நகரத்து விளக்குகள் ஜொலிக்கின்றன. வரைந்தவர் ஃபிரான்சிஸ் கூகாட். நாவல் எழுதி முடிவதற்கு முன்பே படம் தயாராகிவிட்டது. அதைப் பார்த்த ஃபிட்ஸ்ஜெரால்ட், தயவு செய்து இந்தப் படத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், இதை நான் கதைக்குள்ளேயே எழுதிவிட்டேன் என்று பிரசுரகர்த்தருக்குக் கடிதம் எழுதினார். கதைக்குப் படம் வரைவார்கள். இங்கே படத்துக்குக் கதை வளைந்து கொடுத்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அந்த மேலுறையின் பின்பக்கத்தில் கதாநாயகன் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடாமல் சிறிய எழுத்தாக அச்சடித்துவிட்டார்கள். பிறகு அவசர அவசரமாகக் கையாலேயே திருத்தினார்கள். புத்தகத்துக்குள் 205-ஆம் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. பிழை இருந்தால் நாம் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்போம். இவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பிழை இருந்தால்தான் வாங்குவார்கள்! பிழை இருப்பதுதான் முதலில் அச்சான பிரதி என்பதற்கு அத்தாட்சி.

இவ்வளவு அமர்க்களமும் பின்னால் வந்தது. நாவல் வெளிவந்த அதே வருஷம் இரண்டாம் தடவையாக 3,000 பிரதிகள் அச்சிட்டார்கள். 1940-ஆம் வருஷம் டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் 44-ஆவது வயதில் மாரடைப்பால் இறந்தபோது, அந்த 3,000-லேயே சில பிரதிகள் விற்காமல் கிடங்கில் கிடந்தன. இரண்டாவது மகா யுத்தத்தின்போது சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுக்க 1,55,000 சிறு பிரதிகள் அச்சிட்ட பிறகுதான் தேசத்துக்கே அந்தக் கதை தெரிய வந்தது. மனுஷன் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

*

சரி, ஒரு புத்தகம் முதற் பதிப்பா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இது ஒரு பெரிய சாஸ்திரம். ஒவ்வொரு பிரசுராலயத்துக்கும் ஒரு சங்கேதம். ஸ்க்ரிப்னர் கம்பெனியார் 1930 முதல், தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுவந்தார்கள். ஜான் ஸ்டீன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' 1939-இல் வந்தது. அதன் மேலுறையில் உள்பக்கம் மடித்த ஓரத்தில் முதற் பதிப்பு என்று ஒரு மூலையில் அச்சிட்டிருக்கும். அந்த மூலையைக் கத்தரித்திருந்தால் போச்சு!

பிற்காலத்தில் ஒரு வரிசை எண்களை அச்சிடும் வழக்கம் வந்தது. ஒன்று முதல் பத்து வரை எண்கள் இருக்கும். மறுபடி அச்சிடும்போதெல்லாம் ஓர் எண்ணை எடுத்துவிடுவார்கள். ஆகவே, வரிசையில் ஒன்று இருந்தால் அது முதல் அச்சு என்று அர்த்தம். ஆனால் ராண்டம் ஹவுஸ் கம்பெனியார் மட்டும் வெகு காலம் வரையில் முதல் அச்சிலேயே இரண்டில்தான் ஆரம்பித்தார்கள். கூடவே முதற் பதிப்பு என்ற வார்த்தையும் இருக்க வேண்டும். எதற்காக இப்படி ஒரு குழப்பம் என்றால், புதிதாகச் சேகரிக்கக் கிளம்புகிறவர்கள் ஏமாந்து பாடம் கற்றுக்கொள்ள வேண்டாமா!

புத்தக மன்றங்கள் என்று ஒன்று அங்கே உண்டு. சந்தா கட்டினால் மாதம் ஒரு புத்தகம் தபாலில் வரும். பார்வைக்கு அசல் முதற் பதிப்பைப் போலவே இருக்கும். ஆனால் மேலுறையில் விலை இருக்காது. பின் அட்டையில் கீழ் மூலையில் பல பிரதிகளில் சிறு குழி ஒன்று அழுத்தியிருக்கும். தாத்தா வீட்டுப் பரணில் புதையல் கிடைத்துவிட்டது என்று கடைக்கு ஓடுகிறவர்களில் அநேகர் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருவருக்குப் புத்தகம் பரிசளிக்கும்போது, விலை தெரிவது மரியாதையல்ல என்று மேலுறையின் அந்த மூலையைக் கத்தரித்துவிடுவது நல்ல குடும்பத்துப் பழக்கம். அந்த நாகரிகத்துக்குச் சந்தை கொடுக்கும் பரிசு என்ன தெரியுமா? கத்தரித்த பிரதிக்கு மதிப்புக் குறைவு!

*

இப்போது கையெழுத்துக்கு வருவோம்.

கையெழுத்திலும் தரம் உண்டு. வெறும் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பது ஒரு வகை. இன்னாருக்கு, அன்புடன், என்று வாங்குகிறவர் பெயரையும் எழுதிக் கொடுப்பது மற்றொரு வகை. எழுத்தாளர் தம் சிநேகிதருக்கோ, மனைவிக்கோ, இன்னொரு பெரிய எழுத்தாளருக்கோ கொடுத்த பிரதி மூன்றாவது வகை. இதற்குத்தான் கிராக்கி அதிகம். காட்ஸ்பி வந்த வருஷமே அதில் ஒன்றைக் கவி டி. எஸ். எலியட்டுக்கு ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதி அனுப்பினார். எலியட் அதை மூன்று தடவை படித்துவிட்டுப் பாராட்டிப் பதில் எழுதினார். அந்த மாதிரிப் பிரதி கையில் கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இராது?

விந்தை என்னவென்றால், முன்பின் தெரியாத ஒரு மேரிக்கோ மார்த்தாவுக்கோ எழுதிக் கொடுத்த பிரதி இருக்கிறதே, அதைச் சேகரிப்பவர்களில் பலர் ஒரு படி மட்டமாக நினைக்கிறார்கள். "பெயர் வேண்டாம். கையெழுத்து மட்டும் போதும்" என்று எழுத்தாளரிடமே சொல்கிறவர்கள் உண்டு. ஏன்? மேரியின் பெயர் இருந்தால், பிறகு விற்கும்போது அது மேரியின் புத்தகமாகவே இருக்குமாம். எனக்கென்னவோ மேரியின் புத்தகந்தான் பிடித்திருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண்மணி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கூச்சத்தோடு பெயரைச் சொல்லி, எழுத்தாளர் நிமிர்ந்து பார்த்து எழுதிக் கொடுத்தார் என்பது அதில் தெரிகிறது. மற்றதில் என்ன தெரிகிறது? மை தெரிகிறது.

பிரசுரகர்த்தர்களே கையெழுத்தைச் சரக்காக்கியதும் உண்டு. எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' 1929-இல் வந்தபோது, சாதாரணப் பதிப்புடன் 510 பிரதிகள் தனியாக அச்சிட்டு, எண் போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கி விற்றார்கள். வில்லியம் ஃபாக்னரின் நாவல்களுக்கும் இப்படிச் சிறப்புப் பதிப்புகள் உண்டு. இந்த வகையில் எல்லாவற்றையும் தூக்கியடிக்கும் வேடிக்கை ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'. புத்தகங்களையெல்லாம் தேடித் தேடிக் கொளுத்துகிற ஒரு சர்க்காரைப் பற்றிய கதை அது. 1953-இல் அதை வெளியிட்ட பாலன்டைன் கம்பெனியார் 200 பிரதிகளை, தீப்பிடிக்காத ஆஸ்பெஸ்டாஸ் அட்டையில் பைண்டு செய்து, ஆசிரியரின் கையெழுத்தோடு விற்றார்கள். எரிக்க முடியாத புத்தகம்! ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு எமன் என்று பிற்பாடு உலகம் தெரிந்துகொண்டது. ஆகவே இன்று அதை வைத்திருப்பவர்கள் மடியில் வைத்துக் கொஞ்சிப் படிக்காமல் இருப்பது நல்லது.

இப்போதெல்லாம் நாவல் அச்சாகும் முன்பே ஆயிரக்கணக்கான வெற்றுத் தாள்களை ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மணிக்கட்டு நோக நோகக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியது. அவற்றைப் பிறகு புத்தகத்தில் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட கை புத்தகத்தைத் தொட்டதே கிடையாது.

*

'கான் வித் தி விண்ட்' எழுதிய மார்கரெட் மிட்செல் அம்மாளை உங்களுக்குத் தெரியாமல் இராது. புத்தகம் படிக்காதவர்களும் சினிமா பார்த்திருப்பீர்கள். அட்லாண்டா நகரத்தில் தம் புருஷரோடு சிறு வீட்டில் குடித்தனம் செய்த பெண்மணி. 1936-இல் அந்த ஒரு நாவல் வெளிவந்தது. முதல் அச்சில் அந்த வருஷம் மே மாதம் வெளியானதாகப் போட்டிருக்கும். ஆனால் ஒரு புத்தக மன்றம் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டதால், வெளியிடும் தேதியை ஜூன் 30-க்குத் தள்ளிவிட்டார்கள். மே மாதம் என்று அச்சான அந்த முதல் 10,000 பிரதிகளுக்குத்தான் இன்று மவுசு.

ஆறு மாதத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. அம்மாளுக்கு நிம்மதி போயிற்று. தபால்காரர் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களைக் கொண்டு வந்து இறக்கினார். எல்லாம் கையெழுத்துக் கேட்டு வந்தவை. வீட்டு மணி ஓயவில்லை, டெலிபோன் ஓயவில்லை. ஆரம்பத்தில் போட்டுக் கொடுத்துப் பார்த்தார். முடியவில்லை. இனிமேல் யாருக்கும் கையெழுத்து இல்லை என்று தீர்மானம் செய்துவிட்டார். 1949-ஆம் வருஷம் ஆகஸ்டில் சாலையைக் கடக்கும்போது ஒரு மோட்டார் மோதி, ஐந்து நாள் கழித்து உயிர் நீத்தார். அவர் மறுக்க மறுக்க, ஏற்கனவே போட்ட கையெழுத்துக்களுக்கு விலை ஏறிற்று.

ஜே. டி. ஸாலிங்கர் கதை இன்னும் விசித்திரம். 1951-இல் 'தி கேட்சர் இன் தி ரை' வந்தபோது, மேலுறையின் பின்பக்கம் முழுவதும் அவருடைய போட்டோவை அச்சிட்டிருந்தார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. எடுக்கச் சொன்னார். மூன்றாவது அச்சு முதல் எடுத்துவிட்டார்கள். பிறகு நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் கார்னிஷ் என்ற கிராமத்துக்குப் போய் வீட்டுக்குள் அடைந்துகொண்டார். 1965-க்குப் பிறகு எதையும் பிரசுரிக்கவில்லை. 2010-இல் காலமாகும் வரையில் வெளியே தலைகாட்டவும் விரும்பவில்லை. அவர் கையெழுத்திட்ட பிரதி ஒன்று கிடைப்பது குதிரைக் கொம்பு. முகத்தை மறைக்க வேண்டும் என்று படத்தை எடுக்கச் சொன்னாரே, அந்தப் படம் இருப்பதுதான் இன்று அந்தப் புத்தகத்துக்கு அடையாளம், அதற்குத்தான் விலை!

ஆனால் எனக்கு மிகவும் மனத்தில் பட்டது குமாரி ஹார்ப்பர் லீயின் விஷயந்தான். அலபாமா மாகாணத்தில் மன்ரோவில் என்ற சிறிய ஊர் அவருடைய சொந்த ஊர். அவர் எழுதிய 'டு கில் எ மாக்கிங் பேர்ட்' 1960-ஆம் வருஷம் ஜூலை 11-ந் தேதி வெளிவந்தது. புதிய எழுத்தாளர்தானே என்று முதலில் 5,000 பிரதிகள்தான் அச்சிட்டார்கள். மேலுறையின் பின்பக்கத்தில் அவருடைய போட்டோ. எடுத்தவர் சிறு வயதில் பக்கத்து வீட்டுத் தோழராக இருந்த ட்ரூமன் கபோட். அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு கிடைத்தது. பிறகு 55 வருஷம் அவர் அடுத்த நாவல் வெளியிடவில்லை.

ஆனால் அவர் ஸாலிங்கரைப் போல் கதவை அடைத்துக்கொண்டவர் அல்ல. ஊரில் சாதாரணமாக நடமாடினார். உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரர் கேட்டால் சளைக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாத்தியார்களும் வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்ற எண்ணம். பிறகு ஒரு நாள் தெரிய வந்தது: அந்தப் பிரதிகளை வாங்கிப் போகிறவர்கள் இணைய ஏலத்தில் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள்! அதோடு நிறுத்திவிட்டார். யாரோ நாலு வியாபாரிகள் செய்த காரியத்துக்கு, அப்புறம் வந்த குழந்தைகள் வெறுங்கையோடு திரும்பிப் போயின.

2015-இல் அவருடைய பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று 'கோ செட் எ வாட்ச்மன்' என்ற பெயரில் புத்தகமாயிற்று. முதல் அச்சே 20 லட்சம் பிரதிகள். அதுவும் முதற் பதிப்புத்தான். ஆனால் 20 லட்சம் பேரிடம் இருப்பதை யார் தேடப் போகிறார்கள்? அடுத்த வருஷம் பிப்ரவரியில், 89-ஆவது வயதில் குமாரி லீ காலமானார்.

கார்மக் மெக்கார்த்தி என்று ஒருவர். பேட்டி கொடுக்க மாட்டார், கூட்டத்துக்கு வரமாட்டார். அவருடைய 'தி ரோட்' என்ற நாவல் 2006-இல் வந்தது. அழிந்துபோன உலகத்தில் ஒரு தகப்பனும் சிறு பிள்ளையும் கால் நடையாகப் போகிற கதை. அதைத் தம் மகனுக்கே சமர்ப்பணம் செய்திருந்தார். 2009-இல் ஒரு பத்திரிகை நிருபரிடம் அவர் சொன்னார்: இந்த நாவலில் நான் கையெழுத்துப் போட்டது 250 பிரதிகள்தான், அத்தனையும் என் மகனுக்கு, 18 வயதானதும் அவன் விற்றுக்கொண்டு லாஸ் வேகாஸ் போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி என்று. வேறு யாருக்கும் போட்டுத் தரமாட்டாராம். நகைநட்டாகச் சேர்த்து வைக்கும் தகப்பனாரைப் பார்த்திருக்கிறோம். இவர் கையெழுத்தாகச் சேர்த்து வைத்திருக்கிறார். சந்தை தம் பெயரை விற்கத்தான் போகிறது என்றால், அந்தப் பணம் வீட்டுப் பிள்ளைக்கே போகட்டும் என்று நினைத்திருப்பாரோ? 2023 ஜூன் மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

*

எங்கே பணம் புரள்கிறதோ அங்கே போலி வராமல் இருக்குமா?

நியூயார்க்கில் லீ இஸ்ரேல் என்ற பெண்மணி பிரபலங்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிப் பெயர் எடுத்தவர். ஒரு புத்தகம் படுத்துவிட்டது. வருமானம் நின்றது. செல்லமாக வளர்த்த பூனைக்கு உடம்பு சரியில்லை. வைத்தியருக்குக் கொடுக்கக் காசு இல்லை. முதலில் நூலகத்திலிருந்து பழைய கடிதங்கள் சிலவற்றைத் திருடி விற்றார். பிறகு, திருடுவானேன் என்று தாமே எழுத ஆரம்பித்துவிட்டார். பழைய டைப்ரைட்டர்களை வாங்கி, பழைய காகிதத்தைத் தேடிப் பிடித்து, மறைந்துபோன எழுத்தாளர்களின் பெயரால் 400 கடிதங்களுக்கு மேல் தயார் செய்தார். வியாபாரிகள் ஏமாந்தார்கள், சேகரிப்பவர்களும் ஏமாந்தார்கள். 1993-இல் ஆறு மாதம் வீட்டுக் காவலும், ஐந்து வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பும் தண்டனையாகக் கிடைத்தன. பிறகு அதையே புத்தகமாக எழுதினார். அது சினிமாவாகவும் வந்தது. செய்த குற்றத்தைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கடிதங்கள்தாம் தாம் எழுதியவற்றிலேயே சிறந்தவை என்று பெருமைப்பட்டுக்கொண்டார்!

அவராவது கையால் எழுதினார். 2022-ஆம் வருஷம் நவம்பரில், நோபல் பரிசு பெற்ற பாடகர் பாப் டிலனின் கட்டுரைப் புத்தகத்தில் 900 பிரதிகளை, அவர் கைப்படக் கையெழுத்திட்டது என்று சொல்லி ஒன்று 599 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கையெழுத்துக்கள் அச்சடித்தாற்போல் ஒன்றாகவே இருந்தன. இயந்திரம் போட்ட கையெழுத்து! பிரசுரகர்த்தர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தலைசுற்றல் காரணமாக இயந்திரத்தை உபயோகிக்க நேர்ந்தது என்று டிலன் மன்னிப்புக் கேட்டார். அவர் நாவலாசிரியர் அல்ல. என்றாலும் நாவல் சேகரிப்பவர்கள் அன்று முதல் தங்கள் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு கையெழுத்தையும் உற்றுப் பார்த்திருப்பார்கள் என்பது நிச்சயம்.

*

இத்தனை லட்சமும் யாருக்குப் போகிறது என்று குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். எழுதியவருக்கு அதில் ஒரு செண்ட் கிடையாது. புத்தகம் முதலில் விற்றபோது கிடைத்த ராயல்டியோடு சரி. பிறகு கை மாறும் ஒவ்வொரு தடவையும் லாபம் விற்றவருக்கும் வியாபாரிக்குந்தான்.

ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற நீக்ரோ இனப் பெண்மணி, 1936-இல் ஹெய்டி தீவில் இருந்தபோது ஏழே வாரத்தில் ஒரு நாவல் எழுதினார். 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' என்பது பெயர். அடுத்த வருஷம் வெளிவந்தது. கொஞ்ச நாளில் மறந்துபோயிற்று. கடைசிக் காலத்தில் பிறர் வீட்டில் வேலைக்காரியாகக்கூட இருந்தார். 1960 ஜனவரியில் ஃப்ளாரிடாவில் ஓர் அநாதை விடுதியில் இறந்தார். கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. அவருடைய காகிதங்களைக் குப்பையோடு கொளுத்திக்கொண்டிருந்தபோது, அவரை அறிந்த ஓர் அதிகாரி தற்செயலாக அந்த வழியே வந்து, குழாய்த் தண்ணீரைப் பீச்சி அணைத்து, மிஞ்சியதைக் காப்பாற்றினார். 1973-இல் ஆலிஸ் வாக்கர் என்ற இளம் எழுத்தாளர் புதர் மண்டிய மயானத்தில் தேடிப் பிடித்து ஒரு கல் நட்டார். இன்று அந்த நாவலின் முதற் பதிப்பு மேலுறையோடு கிடைத்தால் பல்லாயிரம் டாலர்.

டோனி மாரிஸன் அம்மாளுக்கு நல்ல வேளையாக அந்தக் கதி நேரவில்லை. விவாகரத்தான பிறகு இரண்டு ஆண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, பகலெல்லாம் பிரசுராலயத்தில் உத்தியோகம் பார்த்து, விடியுமுன் எழுந்து குழந்தைகள் விழித்துக்கொள்வதற்குள் எழுதினார். அப்படி எழுதிய முதல் நாவல் 'தி புளூயஸ்ட் ஐ' 1970-இல் வந்தபோது, மேலுறையில் படம்கூட இல்லை. கதையின் ஆரம்ப வரிகளையே அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அதிகம் விற்கவும் இல்லை. 1993-இல் அதே அம்மாளுக்கு நோபல் பரிசு! அன்று வாங்காமல் விட்ட புத்தகத்தை இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தேடுகிறார்கள்.

தம் முதற் பதிப்பைத் தாமே விற்ற புண்ணியவானும் ஒருவர் உண்டு. மிஸ்ஸிஸிப்பியில் வக்கீலாக இருந்த ஜான் கிரிஷம், 1989-இல் 'எ டைம் டு கில்' என்ற முதல் நாவலை ஒரு சின்னப் பிரசுராலயத்தின் மூலம் கொண்டு வந்தார். அச்சிட்டது 5,000. ஆயிரத்தைத் தாமே வாங்கி, காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் விற்றார். அடுத்த நாவலில் பெரும் பணக்காரராகிவிட்டார். புகழ் வந்த பின்பும், ஆரம்பத்தில் தம்மை ஆதரித்த நாலைந்து சிறு புத்தகக் கடைகளுக்கு மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டுவந்தார்.

அதே மிஸ்ஸிஸிப்பியின் தலைநகரான ஜாக்ஸனில்தான் யூடோரா வெல்ட்டியும் வாழ்ந்தார். தகப்பனார் கட்டிய வீட்டிலேயே கடைசி வரையில் இருந்தவர். 1973-இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். வாசற்கதவைத் தட்டிய வாசகர்களுக்குக்கூட முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பினார். 2001-இல் 92-ஆவது வயதில் காலமானார். அவர் வீடு இப்போது ஒரு காட்சிசாலை.

அந்த ஊரில் 1975 முதல் லெமூரியா என்று ஒரு புத்தகக் கடை இருக்கிறது. முதற் பதிப்புக்கென்றே ஒரு சங்கம் அமைத்து, ஆசிரியர் கையெழுத்திட்ட புதுப் புத்தகங்களை அங்கத்தினர்களுக்கு அனுப்பிவந்திருக்கிறார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் பிரபலமான பெயரும் இருக்கும். அதுவரை கேள்விப்பட்டே இராத ஒருவரின் முதல் நாவலும் இருக்கும். பெற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் படிக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. மேலுறையை மட்டும் ஒருவரும் எறிவதில்லை.